காலை ஏழு, மாலை ஏழு

மார்ச் 3
எங்கள் நாய் ஜிம்மிக்கு ஐந்து வயது, 12 கிலோ. போன மாதம் இரண்டு தடவை வலிப்பு வந்தது, நேற்று மூன்றாவது. டாக்டர் வலிப்பைத் தடுக்க ஃபீனோபார்பிட்டால் என்ற மருந்தை எழுதிக் கொடுத்திருக்கிறார். 30 மில்லிகிராம் மாத்திரை, பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒன்று. "நல்லா ஆயிட்டான்னு நீங்களா நிறுத்திடாதீங்க" என்று இரண்டு தடவை சொன்னார். திடீரென்று விட்டால் அதுவே பெரிய வலிப்பைக் கொண்டுவந்துவிடுமாம். தினமும் எழுதி வைக்கவும் சொன்னார். அதனால்தான் இந்தக் குறிப்பு.

அக்காவும் நானும் உட்கார்ந்து நேரம் பார்த்தோம். ஆறு என்றால் மாலையில் இருவருமே வேலையிலிருந்து திரும்பியிருக்க மாட்டோம். ஏழு என்று முடிவு செய்தோம். விடுமுறை நாளிலும் ஏழுதான்.

மார்ச் 4
காலையில் உணவு உருண்டைக்குள் வைத்துக் கொடுத்தேன். உருண்டை உள்ளே போனது. மாத்திரை மட்டும் எச்சில் பட்டுப் பளபளவென்று தரையில் கிடந்தது. கசப்பை நாக்கு நுனியிலேயே கண்டுபிடித்துவிடுகிறான். மாலையில் மூன்று உருண்டை செய்தேன். முதலாவது வெறும் உருண்டை, இரண்டாவதில் மாத்திரை, மூன்றாவதை மூக்குக்கு நேரே காட்டிக்கொண்டே இருந்தேன். அதைப் பிடிக்கும் அவசரத்தில் இரண்டாவதை மெல்லாமல் விழுங்கிவிட்டான்.

மார்ச் 7
தூங்கிக்கொண்டே இருக்கிறான். எழுந்தால் பின்னங்கால்கள் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் போகின்றன. தண்ணீர்ச் சட்டி காலியாகிக்கொண்டே இருக்கிறது, ராத்திரி கூடத்திலேயே சிறுநீர் போய்விட்டான். இதற்கு முன் அப்படிச் செய்ததே இல்லை. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மூலையில் நின்றான். எனக்குத்தான் தாங்கவில்லை. தள்ளாட்டமும் தூக்கமும் ஓரிரு வாரங்களில் குறையும், தாகமும் பசியும் கொஞ்சம் இருக்கும், தண்ணீரை மட்டும் குறைக்காதீர்கள் என்றார் டாக்டர்.

மார்ச் 11
இன்று நடந்ததை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது. ஏழு மணிக்கு அக்கா மாத்திரை கொடுத்துவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறாள். நான் 7:20க்கு வந்தேன். ஜிம்மி வாலை ஆட்டிக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்தான், இன்னும் சாப்பிடாதவன் மாதிரியே. மாத்திரையை உருண்டையில் அழுத்திவிட்டேன். குளியலறைக்குள்ளிருந்து "டேய், நான் குடுத்துட்டேன்டா" என்று அக்கா கத்தியதால் தப்பித்தோம்.

ராத்திரியே பதினான்கு அறை உள்ள மாத்திரைப் பெட்டி ஒன்று வாங்கி வந்தேன். ஏழு நாள், காலை மாலை. அறை காலியாக இருந்தால் கொடுத்தாயிற்று என்று அர்த்தம். இனி அட்டையிலிருந்து நேராக எடுப்பதில்லை.

மார்ச் 15
நான் வர 9:40 ஆகிவிட்டது, அக்கா ஊரில் இல்லை. பெட்டியில் இன்றைய மாலை அறை அப்படியே இருந்தது. டாக்டருக்கு ஃபோன் செய்தேன். இப்போதே கொடுங்கள், காலையில் வழக்கம்போல ஏழுக்குக் கொடுங்கள் என்றார். அடுத்த வேளை நெருங்கிவிட்ட பிறகு நினைவு வந்தால் விட்டதை விட்டதாகவே வைத்துக்கொள்ள வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் இரண்டைச் சேர்த்துக் கொடுக்கக் கூடாது.

மார்ச் 19
ரத்தப் பரிசோதனை. மருந்தின் அளவு ரத்தத்தில் ஒரு நிலைக்கு வர ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும், அதனால்தான் இத்தனை நாள் காத்திருந்தது. மில்லிலிட்டருக்கு 22 மைக்ரோகிராம் இருக்கிறது. 15க்கும் 35க்கும் நடுவே இருந்தால் போதும் என்றார். அதற்கு மேலே போனால் ஈரலுக்கு ஆபத்து. 15ஆம் தேதி தாமதமானதை நோட்டில் பார்த்து, அதையும் கேட்டுக் குறித்துக்கொண்டார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஈரலையும் பார்க்க வேண்டுமாம்.

மார்ச் 22
விடிகாலை 4:10. நகங்கள் தரையைப் பிறாண்டும் சத்தம் கேட்டு எழுந்தேன். பக்கவாட்டில் விழுந்து, ஓடுவதுபோல நான்கு காலையும் உதைத்துக்கொண்டிருந்தான். வாயோரம் நுரை. நாற்காலியை நகர்த்திவிட்டு, விளக்கைப் போடாமல் ஃபோனில் நேரம் பார்த்தேன். வாய்க்குள் கை விடவில்லை. நாய் நாக்கை விழுங்கிவிடாது, கைதான் கடிபடும். ஒரு நிமிஷம் இருபது விநாடி. அந்த இருபது விநாடி அவ்வளவு நீளம்! ஐந்து நிமிஷத்தைத் தாண்டினாலோ ஒரே நாளில் மறுபடி வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். இரண்டும் நடக்கவில்லை.

அப்புறம் அரைமணி நேரம் என்னை அடையாளம் தெரியாமல் சுவரோரமாகவே நடந்தான். பிறகு வந்து என் பாதத்தின் மேல் தாடையை வைத்துப் படுத்தான். நன்றாகத் தெளிந்துவிட்டானா என்று பார்த்துவிட்டு, ஏழு மணிக்கு மாத்திரை.

மார்ச் 30
எட்டு நாளாக வலிப்பு இல்லை. கால் தள்ளாட்டம் நின்றுவிட்டது, இன்று படியேறினான். பெட்டியை நிரப்பும்போது எண்ணிப் பார்த்தேன், மொத்தம் ஒன்பது மாத்திரைதான். நாலரை நாளைக்கு வரும். டாக்டர் சீட்டு இல்லாமல் இந்த மருந்தைத் தர மாட்டார்கள். நாளை காலை ஏழு மணி மாத்திரையைக் கொடுத்துவிட்டு முதல் வேலையாக அவரைப் பார்க்கப் போகிறேன்.