ஏரிக்குக் கீழே ஒரு மனைப்பிரிவு: வரன்முறை பெற்ற அனுபவம்

சென்னையின் வீட்டுத் தேவையைச் சுற்றியுள்ள கிராமங்கள் ஏற்க வேண்டுமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் மக்கள்தொகைக் கணக்கைத்தான் எடுத்துக் காட்டுவேன். 2001 முதல் 2011 வரையிலான பத்து ஆண்டுகளில் சென்னை மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 43 இலட்சத்திலிருந்து 46 இலட்சமாக மட்டுமே உயர்ந்தது. அதே காலத்தில், அன்றைய காஞ்சிபுரம் மாவட்டம் 29 இலட்சத்திலிருந்து 40 இலட்சத்தை எட்டியது. ஆக, கிராமங்கள் ஏற்கெனவே ஏற்றுக்கொண்டுவிட்டன. எந்த நிபந்தனையின்மேல் ஏற்றன, அந்த நிபந்தனையை யார் எழுதினார்கள் என்பதுதான் பேசப்பட வேண்டியது. கூடுவாஞ்சேரிக்கு மேற்கே உள்ள ஒரு கிராமத்தில் உரிய அனுமதியின்றிப் போடப்பட்ட எங்கள் மனைப்பிரிவை வரன்முறைப்படுத்த, அதாவது பின்னர் அரசின் ஒப்புதல் பெற, அலைந்த காலத்தில் எனக்குக் கிடைத்த அறிவு இது. இன்று நான் அந்த ஊரில்தான் குடியிருக்கிறேன்.

நாங்கள் அந்த மனையை 2009-இல் தவணை முறையில் வாங்கினோம். சைதாப்பேட்டையில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு, பள்ளி ஆசிரியர் சம்பளத்தில் சென்னைக்குள் ஒரு கிரவுண்டு வாங்குவதை நினைத்துப் பார்க்கவும் முடியாது. அந்த மனைப்பிரிவில் மொத்தம் 96 மனைகள். அங்கே மனை வாங்கியவர்களில் பெரும்பாலோர் எங்களைப் போன்றவர்கள்: அம்பத்தூர் லேத் பட்டறைத் தொழிலாளி, மாநகரப் பேருந்து நடத்துநர், தையற்கடை வைத்திருந்த ஓர் அம்மா. ஊராட்சி அனுமதி பெற்ற மனை என்று சொல்லி விற்பது அன்று எங்கும் நடந்தது. பத்திரமும் தடையின்றிப் பதிவானது. மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்புத் துறையின் அனுமதி வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், பதிவு அலுவலகத்தில் அதை யாரும் கேட்கவில்லை.

2016 செப்டம்பர் 9 அன்று, அனுமதியற்ற மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. விளைநிலங்கள் கட்டுப்பாடின்றி மனைகளாக மாறுவதை நிறுத்தக் கோரிய பொதுநல வழக்கில் வந்த உத்தரவு அது. அதே ஆண்டு அக்டோபர் 20 அன்று அனுமதியற்ற மனைகளின் பதிவை மறுக்கச் சொல்லும், பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவு நடைமுறைக்கு வந்தது. 2017 மே மாதம் அரசு வெளியிட்ட வரன்முறை விதிகள், அந்த அக்டோபர் 20 வரை முழுவதுமாகவோ ஒரு பகுதியோ விற்றுப் பதிவான மனைப்பிரிவுகளை மட்டும் ஏற்பதாகக் கூறின. மகள் திருமணத்துக்காக மனையை விற்க வேண்டியிருந்த நடத்துநர் குடும்பம் அந்த மாதங்களில் பட்ட பாட்டை நான் அருகிலிருந்து பார்த்தேன். ஆனாலும் நீதிமன்றத்தின் அந்த உத்தரவு தவறு என்று அன்றும் நான் எண்ணவில்லை. அது பல ஆண்டுகள் முன்பே வந்திருந்தால் எங்கள் சேமிப்பும் அந்த ஊர் வயல்களும் ஒருசேரத் தப்பியிருக்கும்.

வரன்முறைக்கு இரண்டு படிகள் உண்டு. முதலில் மனைப்பிரிவு முழுவதற்கும் கொள்கை அளவிலான ஒப்புதல் பெற வேண்டும். அது கிடைத்த பிறகே ஒவ்வொருவரும் தம் மனைக்குத் தனித்தனியே விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்தி ஆணை பெற முடியும். மனைப்பிரிவைப் போட்டவர் முதல் படியை முடித்துத் தருவார் என்று சில மாதங்கள் காத்திருந்தோம். அவர் வேறு தொழிலுக்குப் போய்விட்டார். பழைய வரைபடத்தின் நகல் ஒன்றை மட்டும் கொடுத்தார். எனவே மனை உரிமையாளர்களாகிய நாங்களே ஒரு நலச்சங்கம் அமைத்து, கிரயப் பத்திரங்கள், வில்லங்கச் சான்று, பட்டா, கிராம வரைபடம், ஒவ்வொரு புல எண்ணின் எல்லையையும் காட்டும் புல வரைபடம், நிலத்தின் வகையைக் காட்டும் வருவாய்த் துறையின் 'அ' பதிவேட்டு நகல் ஆகியவற்றைத் திரட்டத் தொடங்கினோம். வேலை தெரிந்த உரிமம் பெற்ற அளவையர் ஒருவர் கிடைத்தது பெரிய உதவி. விண்ணப்பத்தைக் கணினியில் ஏற்றுவது கடினமில்லை. தாள்களைச் சேர்ப்பதும் பிரிந்து கிடந்த மனிதர்களை ஒரே பேச்சுக்குக் கொண்டுவருவதும்தான் கடினம்.

புல வரைபடத்தை மனைப்பிரிவு வரைபடத்தின்மீது பொருத்திப் பார்த்த நாளில்தான் சிக்கல் வெளிப்பட்டது. மேலேரிக்கும் கீழேரிக்கும் இடையே தனிப் புல எண்ணுடன் ஓடை புறம்போக்கு ஒன்று இருந்தது. எங்கள் வரைபடத்தில் அதே இடத்தில் 23 அடிச் சாலை என்று எழுதியிருந்தது. சாலையின் கிழக்கு ஓரத்தில் ஏழு மனைகள் ஓடைக்குள் பாதியளவு நீண்டிருந்தன. நீர்நிலையிலும் ஓடையிலும் அமைந்த மனைகளை வரன்முறைப்படுத்த விதிகள் இடந்தரவில்லை. நிலத்தில் போய்ப் பார்த்தால் ஓடை இருந்த அடையாளமே இல்லை. செம்மண் கொட்டி நிரவியிருந்தார்கள்.

ஊரில் ஏரி நீரை வயல்களுக்குப் பங்கிட்டுவிடும் நீர்க்கட்டியாக இருந்த ஒரு பெரியவரை அழைத்துக்கொண்டு அந்தச் சாலையில் நடந்தோம். அவர் தடியால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். "டீச்சரம்மா, மேலேரி கோடி போனா இந்த வழியாத்தான் தண்ணி கீழேரிக்கு வரும். இதுல மண்ணு கொட்டுன வருசத்திலேர்ந்து கீழேரி ரொம்பலை. அங்க சம்பா போட்டவங்க எல்லாம் இப்ப கம்பெனிக்குப் போறாங்க" என்றார். கோடி போவது என்றால் ஏரி நிரம்பி மிகுநீர் வழிவது. எங்களைக் குற்றம் சாட்டும் குரலில் அவர் பேசவில்லை. ஆயினும், நாங்கள் வாங்கிய மனைக்கும் வேறொரு குடும்பம் நடவை நிறுத்தியதற்கும் இருந்த தொடர்பை அன்று கண்ணால் கண்டேன்.

செங்கற்பட்டுப் பகுதியை ஏரி மாவட்டம் என்று அழைப்பதன் பொருள், அங்கே ஏரிகள் நிறைய இருக்கின்றன என்பது மட்டும் அன்று. ஓர் ஏரியின் மிகுநீர் அடுத்த ஏரிக்கு வரத்தாகும்படி தொடர் தொடராக அமைத்திருக்கிறார்கள். 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது அடையாற்றுக்கு வந்து சேர்ந்த வெள்ளத்தில் இப்படிப்பட்ட மேற்பகுதி ஏரிகளின் மிகுநீர் பெரும்பங்கு வகித்தது. ஆகவே ஒரு கிராமத்தில் ஓடையைத் தூர்த்து மனை போடுவது அந்தக் கிராமத்தோடு முடிகிற செய்தி அன்று. மேலேயுள்ள ஊருக்கு அது தேங்கும் நீர், கீழேயுள்ள ஊருக்கு வறட்சி, ஆற்றோரம் இருப்பவர்களுக்கு வெள்ளம். நகரத்து வீடுகளைக் கிராமம் ஏற்கலாமா என்பதை ஊராட்சி எல்லைக்குள் மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியாது என்று நான் உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

மனைப்பிரிவின் சாலைகளைத் தானப் பத்திரம் மூலம் ஊராட்சிக்கு ஒப்படைக்க வேண்டியிருந்ததால், 2018 அக்டோபர் 2 அன்று நடந்த கிராம சபையில் எங்கள் கோரிக்கையை வைத்தோம். ஊராட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்த பிறகு தமிழகம் முழுவதும் தேர்தல் தள்ளிப்போனது என்பதை இங்கே நினைவூட்ட வேண்டும். எங்கள் மாவட்டத்தில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2021 அக்டோபரில்தான். கிராமங்களின் நில வரைபடத்தையே மாற்றிய வரன்முறைத் திட்டம் நடைமுறையான அந்த ஆண்டுகளில், தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரோ வார்டு உறுப்பினரோ இன்றித் தனி அலுவலரின் கையொப்பத்தில் ஊராட்சிகள் இயங்கின. இது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

சபையில் ஊர்மக்கள் கேட்டவை நியாயமானவை. முன்னாள் ஊராட்சி உறுப்பினர் ஒருவர், "நீங்க வந்தா தெருவிளக்கு கேப்பீங்க, குப்பை வண்டி கேப்பீங்க, தண்ணி கேப்பீங்க. எங்களுக்கு வர்ற காசு பழைய கணக்குக்குத்தானே வருது?" என்றார். அது உண்மை. மாநில நிதிக்குழு மானியத்தை ஊராட்சிகளுக்குப் பகிரும்போது மக்கள்தொகை முக்கிய அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது. கையில் இருக்கும் கடைசிக் கணக்கெடுப்போ 2011-ஆம் ஆண்டினது. அதற்குப் பின் வந்து குடியேறிய எங்களைப் போன்ற குடும்பங்கள் அந்தக் கணக்கில் வேறெங்கோ இருக்கிறோம். எங்கள் குப்பையும் கழிவுநீரும் மட்டும் இந்த ஊரில் இருக்கின்றன. இளைஞர் ஒருவர் வேறொன்றைக் கேட்டார். நிலத்தின் விலை ஏறியதால் நிலம் வைத்திருந்தவர்களுக்குப் பணம் வந்தது. நிலமில்லாத கூலிக் குடும்பங்களின் பிள்ளைகள் தாம் பிறந்த ஊரிலேயே ஒன்றரை செண்டு வாங்க முடியாமல் போனதற்கு யார் பதில் சொல்வது என்றார். அதற்கு எங்கள் யாரிடமும் பதில் இல்லை. வீட்டு வளர்ச்சியை வரவேற்கிறவர்கள் முதலில் பதில் தேட வேண்டிய கேள்வி அது என்று நான் கருதுகிறேன்.

நெடுநேர விவாதத்துக்குப் பின் சபை ஒரு தீர்மானம் எழுதியது: ஓடையைப் பழைய அகலத்துக்குத் திறந்துவிட்டால் மட்டுமே சாலைகளை ஊராட்சி ஏற்கும். எங்கள் சங்கத்தில் அதைக் கேட்டுக் கொதித்தவர்கள் உண்டு. ஆனால் விதிப்படி அந்த ஏழு மனைகளுக்கு எப்படியும் ஆணை கிடைக்கப் போவதில்லை. அவற்றைக் காப்பாற்றப் போராடினால் மீதமுள்ள 89 மனைகளும் நின்றுபோகும். பேசித் தீர்ப்பதற்குப் பல மாதங்கள் பிடித்தன. மனைப்பிரிவைப் போட்டவரிடம் விற்காமல் மீதமிருந்த நான்கு மனைகளை மாற்றாகத் தரச் சம்மதிக்க வைத்தோம். எஞ்சிய மூவருக்கு, அவர்கள் கொடுத்த கிரயத் தொகையுடன் ஓரளவு வட்டியும் சேர்த்து, மற்றவர்கள் தம் மனையின் சதுர அடிக்கு ஏற்பப் பங்கிட்டுக் கொடுத்தோம். தையற்கடை அம்மா அந்த மூவரில் ஒருவர். அந்தப் பணத்தில் அவரால் அதே ஊரில் மறுபடி மனை வாங்க முடியவில்லை. விலை அவ்வளவு ஏறிவிட்டது. இந்தத் தீர்வை முழு நீதி என்று என்னால் சொல்ல முடியாது.

அதன்பின் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஓடையை வெட்டித் திறந்தோம், வருவாய்த் துறை அளந்து கல் நட்டது, மழைநீர் தேங்காது என்பதற்கான பொதுப்பணித் துறையின் சான்று வந்தது, தானப் பத்திரம் பதிவானது, கொள்கை அளவிலான ஒப்புதலும் கிடைத்தது. வரன்முறைக் கட்டணம், வளர்ச்சிக் கட்டணம், திறந்தவெளிக்கான கட்டணம் ஆகியவற்றை அவரவர் மனைக்குச் செலுத்தினோம். அரசு காலக்கெடுவைப் பலமுறை நீட்டித்ததால் பணம் திரட்ட முடியாதவர்களுக்கும் மூச்சுவிட நேரம் கிடைத்தது. 2019-இன் இறுதியில், செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரிந்த அதே நாட்களில், எங்கள் மனைக்கான ஆணை கைக்கு வந்தது. வங்கிக் கடன், கட்டட வரைபட அனுமதி, தனிப் பட்டா ஆகியவற்றுக்கு அதன்பின் தடையிருக்கவில்லை.

திறந்தவெளிக் கட்டணம் பற்றி மட்டும் சற்று நின்று சொல்ல வேண்டும். முறையாக அனுமதி பெறும் பெரிய மனைப்பிரிவில், சாலைகள் நீங்கலான பரப்பில் பத்தில் ஒரு பங்கைப் பூங்காவுக்கும் விளையாட்டிடத்துக்கும் ஒதுக்கி உள்ளாட்சிக்குத் தானமாகத் தர வேண்டும். எங்கள் மனைப்பிரிவில் அப்படி ஒரு சதுர அடி கூட விடப்படவில்லை. ஆகவே நிலத்துக்குப் பதிலாகப் பணம் கட்டினோம். கட்டிய பணம் அரசுக் கணக்கில் சேர்ந்தது. எங்கள் தெருப் பிள்ளைகள் இன்றும் சாலையில்தான் விளையாடுகிறார்கள். நிலம் ஒருமுறை மனையாகிவிட்டால் எந்தக் கட்டணத்தாலும் அதை மீட்க முடியாது. வீடுகள் வந்தபின் ஒழுங்குபடுத்துவது என்பது எவ்வளவு அக்கறையோடு செய்தாலும் இவ்வளவுதான் தரும்.

நகரத்துக்கு வெளியே வீடுகள் வருவதை எதிர்க்கிறேன் என்று இதைப் படிப்பவர்கள் எண்ண வேண்டாம். சென்னை மாவட்டத்துக்குள்ளேயே அத்தனை பேருக்கும் இடம் தேட முடியாது. தேடினால் ஏழைகள் இன்னும் தொலைவுக்குத் தள்ளப்படுவார்கள். எங்கள் ஊரிலிருந்து சற்றுத் தொலைவில் இருக்கும் மறைமலை நகர், நகர வளர்ச்சியை ஏற்பதற்காகவே சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.) திட்டமிட்டு உருவாக்கிய துணைநகரம். அதிலும் குறைகள் உண்டு. ஆனால் சாலையும் பூங்காவும் பள்ளிக்கான இடமும் வரைபடத்தில் வீடுகளுக்கு முன்பே இருந்தன. எங்கள் ஊராட்சியில் வீடுகள் முதலில் வந்தன, வரைபடம் பிறகு வந்தது. 2022 அக்டோபரில் சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிவுபடுத்தி அரசாணை வெளியானபோது நான் மகிழ்ந்தேன். ஏரித் தொடரை ஒரே திட்டமாகப் பார்க்கும் வாய்ப்பு அதனால் வரும். அதே வேளையில், முடிவுகள் கிராம சபையைத் தாண்டி நகரத்து அலுவலகத்துக்குப் போய்விடுமோ என்ற அச்சமும் இருக்கிறது. ஓடை எங்கே ஓடியது என்று தடியால் தொட்டுக் காட்டக்கூடிய மனிதர்கள் அந்தச் சபையில்தான் இருக்கிறார்கள்.

2021 நவம்பர் மழையில் மேலேரி கோடி போய், திறந்துவிட்ட ஓடை வழியாகக் கீழேரிக்குத் தண்ணீர் சென்றது. எங்கள் தெருவில் நீர் நிற்கவில்லை; வடிகால் இல்லாத பக்கத்துத் தெருவில் முழங்காலளவு நின்றது.

அந்தப் பக்கம் மனை பார்க்க வரும் நண்பர்களுக்கு நான் சொல்வது இதுதான்: விற்பவர் தரும் வண்ணத் தாளை வைத்து முடிவெடுக்காதீர்கள். அனுமதி எண்ணைச் சரிபார்ப்பதோடு, கிராம வரைபடத்தையும் புல வரைபடத்தையும் 'அ' பதிவேட்டையும் வாங்கி ஓர் அளவையரிடம் காட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். ஊரில் ஏரிப் பாசனம் தெரிந்த ஒருவரிடம் பேசுங்கள். தேர்தலுக்குப் பின் வந்த புதிய ஊராட்சி மன்றத்திடம், இனி எந்த மனைப்பிரிவுக்கு அனுமதி கேட்டு வந்தாலும் அதற்கு முன் வரத்துக் கால்வாய்களை அளந்து கல் நட வேண்டும் என்ற கோரிக்கையை எங்கள் சங்கமும் ஊர்மக்களும் சேர்ந்தே வைத்தோம். கிராம சபை அதைத் தீர்மானமாக நிறைவேற்றி ஆட்சியர் அலுவலகத்துக்கு அனுப்பியது. ஒரு கால்வாயை மட்டும் அளந்திருக்கிறார்கள். மற்றவற்றுக்காக ஒவ்வொரு சபையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.