கோலமாவு கொட்டிய இடம்

2007 மாசி மாதம். விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு ஊராட்சி. பிள்ளையார் கோயில் எதிரே அரசமரத்து நிழலில் தரையைப் பெருக்கித் தண்ணீர் தெளித்து, கோலமாவும் வண்ணப்பொடியும் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஊரின் வரைபடத்தை ஊர்க்காரர்களே தரையில் வரைய வேண்டும். நாங்கள் கூட இருந்து கேள்வி கேட்க வேண்டும், அவ்வளவுதான். புதுவாழ்வுத் திட்டத்தில் களப்பணிக்குச் சேர்ந்து எனக்கு நான்கைந்து மாதம்தான் ஆகியிருந்தது.

உலக வங்கிக் கடனுதவியோடு 2005இல் 15 மாவட்டங்களில் தொடங்கிய திட்டம் அது. பிறகு 26 மாவட்டங்களுக்கு விரிந்தது. அதில் எனக்குப் பிடித்த விஷயம், யார் ஏழை என்பதை ஊரே உட்கார்ந்து பேசி முடிவு செய்யும் என்பது. வரைபடம் போட்டு, ஒவ்வொரு வீட்டைப் பற்றியும் பேசி, மிகவும் ஏழை, ஏழை, நடுத்தரம், வசதியானவர் என்று பிரித்து, பட்டியலைக் கிராம சபையில் வைத்து ஒப்புதல் வாங்க வேண்டும். மக்கள் நிலை ஆய்வு என்று பெயர். குழுக் கடன், இளைஞர்களுக்கான தொழிற்பயிற்சி, மாற்றுத்திறனாளிகளுக்கான உதவி எல்லாம் அந்தப் பட்டியலைப் பிடித்துத்தான் போகும். அதில் ஒரு வீடு விட்டுப்போனால் அந்த வீட்டுக்கு எல்லாமே விட்டுப்போகும்.

அன்றைக்கு வேலை மளமளவென்று நடந்தது. ஏரிக்கு நீலப் பொடி, மேல்நிலைத் தொட்டிக்குக் கவிழ்த்து வைத்த டம்ளர், பஸ் நிற்கும் இடத்துக்குத் தீப்பெட்டி. இரண்டு மணி நேரத்தில் நான்கு தெருவும் வீடு வீடாகத் தரையில் வந்துவிட்டன. நல்லபடியாக முடித்துவிட்டோம் என்றே நினைத்தேன். அப்போது புத்தகப் பையோடு ஒரு பையன் வந்து கூட்டத்துக்கு வெளியே நின்று பார்த்தான். நான்காவதோ ஐந்தாவதோ படிப்பான்.

"எங்க தெரு எங்கக்கா?" என்றான்.

கிழக்கு மூலையில் ஒரு சதுரம் போட்டு, உள்ளே சாக்பீஸால் 'காலனி' என்று எழுதியிருந்தது. ஒரு வீடுகூட இல்லை. பையன் அந்தச் சதுரத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், போய்விட்டான்.

காலனிப் பெண்கள் ஒருவரும் கூட்டத்துக்குள் இல்லை. ரோட்டோரமாக இரண்டு பேர் நின்றிருந்தார்கள். யாரும் அவர்களை வராதே என்று சொல்லவில்லை. அந்தக் கோயில் வாசலில் வந்து உட்கார்ந்து பழக்கமில்லாதவர்களை அங்கே கூப்பிட்டால் எப்படி வருவார்கள்? அதுவும் காலை பத்து மணிக்கு, கூலி வேலைக்குப் போகிற நேரத்தில். நானும் இதே மாவட்டத்தில் பிறந்து வளர்ந்தவள்தான். இதெல்லாம் எனக்குத் தெரியாத சங்கதி இல்லை. நிழல் இருக்கிறது, இடம் சுத்தமாக இருக்கிறது என்று பார்த்தேனே தவிர, அது யாருடைய இடம் என்று பார்க்கவில்லை. தவறு என்னுடையது.

இரண்டு நாள் கழித்து காலனியில் இரவு ஏழரை மணிக்குக் கூடினோம். வேலைக்குப் போனவர்கள் திரும்பி, உலை வைத்துவிட்டு வந்தார்கள். தொகுப்பு வீடுகளுக்கு நடுவே தெருவிளக்கு வெளிச்சத்தில் வரைபடம் வளர்ந்தது. அடைத்துப்போன குழாய், மழை பெய்தால் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் சந்து, தனியாக இருக்கும் பாட்டியின் வீடு எல்லாம் வந்தன. சரி, இப்போதாவது முழுசாக வந்துவிட்டது என்று எழுந்திருக்கப் போனேன்.

அதுவரை பேசாமல் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா எழுந்து, வரைபடத்தின் எல்லைக் கோட்டைத் தாண்டிப் போய்க் குந்தினார். கோலமாவு தீர்ந்துவிட்டது. பக்கத்தில் கிடந்த செங்கல் துண்டை எடுத்துத் தரையில் தேய்த்து ஒரு கரை வரைந்தார். அதை ஒட்டிச் சின்னச் சின்னதாய்ப் பதினொரு வட்டம்.

"இவங்கள வுட்டுட்டோமே. ஏரிக்கரை இருளருங்க."

தலைக்கு ஒன்றாக ஒவ்வொரு வட்டத்திலும் புளியங்கொட்டை வைத்துக்கொண்டே போனார். கடைசி இரண்டு வட்டத்தில் ஒன்றும் வைக்கவில்லை. "இவங்க சூளைக்குப் போயிட்டாங்க மேடம். ஆடியிலதான் வருவாங்க."

காலனி வரைபடமும் ஏரிக்கரையை முதலில் விட்டுத்தான் இருந்தது. இதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். விடுபட்டவர்களிடம் போனால், அவர்களுக்கும் அப்பால் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.

மறுநாள் ஏரிக்கரைக்குப் போனேன். தமிழ்நாட்டில் மிகவும் பின்தங்கியவை என்று பட்டியலிடப்பட்ட ஆறு பழங்குடிகளில் இருளரும் ஒன்று. குடிசை இருப்பது ஏரிப் புறம்போக்கு, அதனால் பட்டா கிடையாது. பட்டா இல்லாததால் கதவு எண் இல்லை. கதவு எண் இல்லாததால் ரேஷன் கார்டு இல்லை. பிள்ளைக்குச் சாதிச் சான்றிதழ் வேண்டுமென்றால் பழங்குடியினருக்கு வருவாய்க் கோட்டாட்சியர்தான் கொடுக்க வேண்டும். அந்த அலுவலகத்துக்கு ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பஸ் ஏறிப் போனால், அப்பாவின் சான்றிதழ் எங்கே, தாத்தாவின் சான்றிதழ் எங்கே என்று கேட்பார்கள். ஒரு பூட்டின் சாவி இன்னொரு பெட்டிக்குள், அந்தப் பெட்டிக்கும் பூட்டு. கையில் காசு இல்லாத மாதத்தில் சூளைக்காரரிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு போவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.

அந்த மாவட்டத்துக்கு வளர்ச்சி வராமலும் இல்லை. திருச்சி நெடுஞ்சாலையை நான்கு வழியாக்கும் பேச்சிலேயே சாலையோர நிலத்தின் விலை ஏறியது. பட்டா கையில் இருந்தவர்களுக்கு அது பெரிய காசு. 2006 பிப்ரவரி 2ஆம் தேதி நாட்டின் 200 மாவட்டங்களில் 100 நாள் வேலை தொடங்கியபோது விழுப்புரமும் அதில் இருந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி, 80 ரூபாய். நாற்று நடப் போனால் பெண்களுக்கு அதில் பாதிகூடக் கிடைக்காத காலம். அந்த ஊராட்சியில் எடுத்த வேலை எது தெரியுமா? அதே ஏரியைத் தூர்வாருவது. கரையில் குடியிருந்த பதினொரு குடும்பத்தில் ஒருவரிடமும் வேலை அட்டை இல்லை. ஊரே இறங்கி மண் வெட்டுவதைக் குடிசை வாசலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். கேட்டால் கொடுத்திருப்பார்களோ என்னவோ, கேட்கலாம் என்றே அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

மே தினக் கிராம சபையில் பட்டியலை வைத்தோம். ஒப்புதல் கிடைக்கவில்லை. "பணம் ஊருக்கு வருது. எல்லாத் தெருவுக்கும் சமமாப் பிரிச்சிடுங்க. அதுதானே நியாயம்?" என்று ஒரு பெரியவர் கேட்டார். அவர் கெட்டவர் இல்லை, மனதாரத்தான் கேட்டார். கேட்கும்போது நியாயமாகவும்தான் இருந்தது. எனக்கு உடனே பதில் வரவில்லை. கோயில் தெருவைச் சேர்ந்த மகளிர் குழுத் தலைவி ஒருவர்தான் எழுந்தார். "நம்ம தெருவுல ஆறு கொழா இருக்கு. அங்க ஒண்ணு, அதுலயும் தண்ணி வர்றதில்ல. ஆளுக்கு ரெண்டுன்னு குடுத்தா நமக்கு எட்டு, அவங்களுக்கு மூணு. அது எப்படிண்ணே சமம்?"

இத்தனை வருடத்தில் எத்தனையோ பயிற்சி வகுப்பில் சமத்துவம் பற்றிப் பேசியிருக்கிறேன். அந்தக் குழாய்க் கணக்கை விடத் தெளிவாக என்னால் சொல்ல முடிந்ததில்லை.

அந்த மே மாதத்தில் என் நோட்டில் புதிதாக ஒரு பத்தி போட்டேன்: வராதவர் யார், ஏன் வரவில்லை. அப்புறம் எந்த ஊருக்குப் போனாலும் கூட்டம் முடிந்ததும் முதலில் அதைத்தான் நிரப்புவேன். அது நிரம்பிய பிறகுதான் அடுத்த கூட்டத்துக்கு எந்த இடம், எந்த நேரம் என்று முடிவு செய்வேன்.

ஜூன், ஜூலை முழுக்க நடைதான். காலனிப் பெண்களும் அந்தக் குழுத் தலைவியும் கூட வந்தார்கள். ஒன்பது குடும்பத்துக்கு வேலை அட்டை வந்தது. பட்டா வரவில்லை. ரேஷன் கார்டு எல்லோருக்கும் கிடைக்கப் பல வருடம் ஆனது. பட்டியலில் சூளைக்குப் போன இரண்டு குடும்பத்துக்கும் இரண்டு வரியைக் காலியாகவே விட்டு வைத்திருந்தோம்.

ஆடி கடைசியில் மழைக்குச் சூளை நின்று, அவர்கள் திரும்பி வந்தார்கள். ஆகஸ்ட் 14 இரவு அந்த இரண்டு வரியையும் நிரப்பினேன். மறுநாள் கிராம சபையைக் கோயிலை விட்டுப் பள்ளிக்கூட மைதானத்தில் வைத்தோம். பெயர்களைச் சத்தமாக வாசித்துக்கொண்டே வந்தார்கள். கடைசி வரிக்கு வந்தபோது, வேப்பமரத்தடியில் இடுப்பில் குழந்தையோடு நின்றிருந்த பெண் கையைத் தூக்கினாள்.

"கதவு எண் என்னம்மா?"

அவள் பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தாள். பிறகு, "ஏரிக்கரை. மதகுக்குப் பக்கத்துல மூணாவது வூடு," என்றாள்.

அதையே எழுதிக்கொண்டார்கள்.