2023 அக்டோபர் சீசன்: முதல் எபிசோடை எவ்வளவு நம்பலாம்?

ஜப்பானில் புது அனிமே, அதாவது அனிமேஷன் தொடர்கள், ஆண்டுக்கு நான்கு தடவை கூட்டமாக வந்து இறங்கும்: ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர். 12, 13 எபிசோட் கொண்ட ஒரு தவணைக்கு அங்கே ‘கூர்’ என்று பெயர். பென்சில் கூருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

முதலில் நேரக் கணக்கு. ஜப்பானிய நேரத்தில் மூன்றரை மணியைக் கழித்தால் நம் நேரம். ‘சனி 25:30’ என்று அட்டவணையில் போட்டிருந்தால் அச்சுப் பிழை இல்லை. ஞாயிறு அதிகாலை 1:30 என்று பொருள். நமக்கு அது சனி இரவு 10 மணி. இது தெரியாமல் ஞாயிறு இரவு வரை காத்திருந்து, அதற்குள் யாரோ போட்ட மீம் பார்த்துக் கதை தெரிந்துகொள்பவர்கள் உண்டு.

ஒரே நாளில் மூன்று முதல் எபிசோடுகளுக்கு மேல் வேண்டாம். நான்காவது தொடரில் யார் இளவரசி, யார் கொலைகாரி என்பதே குழம்பிவிடும். ஒவ்வொன்றும் முடிந்தவுடன், அடுத்ததைத் தொடுமுன், இரண்டு வரி எழுதிவைப்பது நல்லது. ஓபனிங், எண்டிங் பாட்டுகளுக்கு ஒன்றரை நிமிடம் வீதம் கழித்தால் 24 நிமிட எபிசோடில் கதைக்கு மிஞ்சுவது சுமார் 21 நிமிடம். தீர்ப்பு எழுத அது போதாது என்பதைத் தயாரிப்பாளர்களே ஒப்புக்கொண்ட சீசன் இது.

‘ஃப்ரீரன்’ செப்டம்பர் 29 வெள்ளி இரவு, வழக்கமாகச் சினிமா போடும் இரண்டு மணி நேர இடத்தில், முதல் நான்கு எபிசோடுகளையும் சேர்த்தே ஒளிபரப்பியது. காரணம் பார்த்தவுடன் புரியும். அரக்க மன்னனை வீழ்த்திய வீரர் குழு 10 ஆண்டுப் பயணம் முடிந்து ஊர் திரும்புவதில்தான் கதையே தொடங்குகிறது. 50 வருடம் கழித்து நண்பன் ஹிம்மெல் கிழவனாகி இறக்கிறான்; ஆயிரம் ஆண்டுக்கு மேல் வாழும் எல்ஃப் ஃப்ரீரன், அவனை அறிந்துகொள்ள முயலவில்லையே என்று அப்போதுதான் அழுகிறாள். இந்த முதல் எபிசோடை மட்டும் பார்த்தால் சோகக் கதை என்று எழுதிவிடுவோம். மூன்றாவதில்தான் தொடரின் உண்மையான சாமர்த்தியம் தெரிகிறது. 80 வருடம் முத்திரையில் அடைபட்டிருந்த அரக்கன் குவால் விழிக்கிறான். ஒருகாலத்தில் யாராலும் தடுக்க முடியாத அவனுடைய கொலை மந்திரத்தை, அவன் தூங்கிய நேரத்தில் மனிதர்கள் ஆராய்ந்து பிரித்துப்போட்டு, சாதாரணத் தாக்குதல் மந்திரமாக்கிவிட்டார்கள். காலம் என்பது இங்கே பின்னணி இல்லை, ஆயுதம். இயக்குநர் கெய்இச்சிரோ சைத்தோ; ஸ்டூடியோ மேட்ஹவுஸ். அக்டோபரிலிருந்து வெள்ளிதோறும் ஜப்பானில் 23:00 மணிக்கு, நமக்கு இரவு 7:30-க்கு வந்தது.

பார்க்கும்போது ஒன்று கவனிக்க வேண்டும். ‘ஹிம்மெல் இறந்து இத்தனை ஆண்டுகள்’ என்று திரையில் எழுத்து வரும். டப்பில் பார்ப்பவர்கள் சப்டைட்டிலை முழுதாக அணைத்துவிட்டால் இது மொழிபெயர்ப்பில்லாமல் ஓடிவிடும், கதையின் கடிகாரமே காணாமல் போகும். திரை எழுத்துக்கு மட்டும் தனி சப்டைட்டில் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள்.

‘குசுரியா நோ ஹித்தோரிகோத்தோ’வில், அதாவது மருந்துக்காரி மாவ்மாவ் கதையில், இதே சிக்கல் இன்னும் மோசம். அந்தப்புரத்துக் குழந்தைகளைக் கொல்வது முகத்துக்குப் பூசும் வெள்ளைப் பொடி என்று கண்டுபிடித்தவள், பெயர் போடாமல் எச்சரிக்கை எழுதிவைக்கிறாள். அவளைப் பிடிக்க அந்தப்புர நிர்வாகி ஜின்ஷி பேசுவதில்லை. பணிப்பெண்கள் கூட்டத்துக்கு முன் ஒரு தாளைக் காட்டுகிறான். படிக்கத் தெரிந்தவள் மட்டும் மாட்டிக்கொள்கிறாள். தாளில் இருப்பது நமக்குப் புரியாவிட்டால் காட்சியே இல்லை. இதுவும் தொடக்கத்தில் மூன்று எபிசோடுகளைச் சேர்த்தே தந்தது. ஒரு மர்மத்தை அவிழ்க்கிற முறை மூன்று தடவையும் வேறுபடுகிறதா என்று சோதிக்க அந்த மூன்றும் போதும். வேறுபடுகிறது. மாவ்மாவுக்குப் பேசும் ஆவோய் யூகியின் குரல், விஷம் என்றதும் குஷியாகும் இடங்களில், தனிக் கச்சேரி.

‘ஷாங்ரி-லா ஃப்ரான்டியர்’: பிழை மலிந்த மட்டமான கேம்களையே தேடி விளையாடுகிறவன் நல்ல கேமுக்குள் நுழைகிறான். சண்டை வேகம் அருமை. ஆனால் விளையாட்டில் தோற்றால் என்ன நஷ்டம் என்ற கேள்விக்கு ஆரம்ப எபிசோடுகளில் பதில் இல்லை. ‘அன்டெட் அன்லக்’கில் தொட்டால் துரதிர்ஷ்டம் வரும் பெண்ணும் சாகாத ஆணும் சேர்வது பிரமாதமான யோசனை. அவள் சம்மதமில்லாமல் தொடுவதை நகைச்சுவையாக்கியிருப்பது நெருடுகிறது. விட்டுவிட்டவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

‘புளூட்டோ’வை இந்த அளவுகோலில் வைக்கவே முடியாது. அக்டோபர் 26 அன்று எட்டு எபிசோடுகளும் ஒரே நாளில், ஒவ்வொன்றும் சுமார் ஒரு மணி நேரம். இதன் மூலமான உராசாவாவின் மாங்காவும் (ஜப்பானியப் படக்கதை) எட்டுத் தொகுதிகள்தான். ஸ்காட்லாந்தில் பார்வையற்ற இசையமைப்பாளரிடம் பியானோ கற்றுக்கொள்ள விரும்பும் போர் ரோபோ வரும் பகுதி முதல் எபிசோடிலேயே இருக்கிறது. அதன் பிறகு உடனே இரண்டாவதைப் போடாதீர்கள். ஒரு நாள் விடுங்கள்.

கடைசியாக ஒரு தொழில்நுட்பச் சோதனை. எண்டிங் பெயர்ப்பட்டியலில் ‘சகுகா கந்தோகு’ என்ற தலைப்பின் கீழ், படங்களைத் திருத்திச் சீராக்கும் அனிமேஷன் இயக்குநர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். முதல் எபிசோடில் ஒருவரோ இருவரோ இருந்து, மூன்றாவதிலேயே பத்தைத் தாண்டினால் அட்டவணை இறுகுகிறது என்று சந்தேகிக்கலாம். தனிச்சான்று இல்லை, சண்டைக் காட்சி நிறைந்த எபிசோடுக்கும் ஆள் கூடும். ஆனால் முகங்கள் தூரக் காட்சியில் உருக்குலைவதும் சேர்ந்தே தெரிந்தால், அந்தத் தொடரை வாராவாரம் துரத்தாமல் முடிந்தபின் மொத்தமாகப் பார்க்கும் பட்டியலுக்கு மாற்றிவிடலாம்.