ஆகனிலிருந்து ஹாம் வரை: ஒரே ரயிலில்

ஐரோப்பாவுக்குப் படிக்கப் போனவர்கள் முதல் செமஸ்டர் முடிவதற்குள் பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், பிராக் என்று பட்டியல் போட்டுவிடுவார்கள். நானும் அப்படிக் கொஞ்சம் சுற்றினேன், குறையொன்றுமில்லை. ஆனால் ஜெர்மனியின் மேற்கு ஓரத்தில் ஆகன் நகரில் முதுகலை படித்தபோது நான் உண்மையிலேயே ரசித்துப் பார்த்த இடங்கள் பெரும்பாலும் ஆர்ஈ 1 ரயில் போகும் வழியில்தான் இருந்தன. ஆகனில் கிளம்பி கொலோன், டுசெல்டார்ஃப், எஸ்ஸன், டார்ட்மண்ட் என்று நின்று நின்று ஹாம் வரை போகும் ரயில் அது. செமஸ்டர் கட்டணத்தோடு கையில் கிடைக்கும் மாணவர் டிக்கெட்டே இதற்குப் போதும். ஐசிஇ போன்ற அதிவேக ரயில்களில் அது செல்லாது. அவசரம் இல்லாதவனுக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை.

ஆகனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பேரரசர் சார்லமேன் கட்டிய தேவாலயமும், 814இல் இறந்த அவரை அடக்கம் செய்த இடமும் அங்கேதான் இருக்கின்றன. 1978இல் யுனெஸ்கோ வெளியிட்ட முதல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற 12 இடங்களில் அந்தத் தேவாலயமும் ஒன்று. மாடியில் உள்ள அரியணை தங்கமும் இல்லை, வைரமும் இல்லை. வெறும் பளிங்குப் பலகைகளைச் சேர்த்துச் செய்தது. நகர நடுவில் பொங்கும் வெந்நீர் ஊற்றில் கந்தக நாற்றம் அடிக்கும். ஒரு தடவை முகர்ந்தால் போதும்.

ரயில் டியூரனைத் தாண்டும்போது இடப்பக்கம் காடு மூடிய ஒரு பெரிய குன்று தெரியும். சமவெளியில் திடீரென்று எப்படி ஒரு குன்று என்று மற்றவர்கள் யோசிப்பார்கள். நெய்வேலியில் வளர்ந்த எனக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அது ஹம்பாக் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தைத் தோண்டிய மண். எங்கள் ஊரில் டவுன்ஷிப்பைத் தாண்டினால் கண்ணில் படும் அதே மண்மேடு, இங்கே மரம் நட்டு மலையாக்கியிருக்கிறார்கள்.

கொலோனில் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தாலே தலைக்கு மேல் தேவாலயம் நிற்கும். 157 மீட்டர் உயரம். 1248இல் தொடங்கிய வேலை பதினாறாம் நூற்றாண்டில் நின்றுபோய், 1880இல்தான் முடிந்தது. வேலை நின்றிருந்த காலமெல்லாம் முடியாத கோபுரத்தின் உச்சியில் ஒரு மர பாரந்தூக்கி அப்படியே நின்றதாம். கோபுரம் ஏற 533 படி, லிப்ட் கிடையாது. எனக்கு ஏறியதைவிட இறங்கியதில்தான் முழங்கால் வலித்தது. டுசெல்டார்ஃபில் ஜப்பானியக் கடைத்தெருவில் ஒரு கிண்ணம் ராமென் சாப்பிட்டால் எனக்கு அந்த ஊர் முடிந்தது. இதைப் படித்து அவ்வூர்க்காரர்கள் கோபப்பட்டால் படட்டும்.

எஸ்ஸனுக்குப் போனால் ஒரு நாள் ஒதுக்கிக்கொள்ளுங்கள். ஸ்டேஷனிலிருந்து 107ஆம் எண் டிராம் ஏறினால் சோல்ஃபெராயின் என்ற பழைய சுரங்கம். 1932இல் திறந்த பன்னிரண்டாம் எண் சுரங்கக்குழியிலிருந்து தினமும் 12,000 டன் கரி வெளியே வந்திருக்கிறது. 1986இல் மூடினார்கள், 2001இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. கரியைக் கழுவிப் பிரித்த ஆலை இப்போது அருங்காட்சியகம். ஆரஞ்சு நிற விளக்கு எரியும் நீளமான எஸ்கலேட்டரில் ஏறித்தான் உள்ளே போக வேண்டும். என்னை அழைத்துப் போன வழிகாட்டி அங்கேயே வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். இயந்திரச் சத்தத்தில் எதுவும் காதில் விழாது, கைஜாடையில்தான் பேசிக்கொள்வோம் என்று சொல்லி, "மேலதிகாரி வருகிறார்" என்பதற்கான ஜாடையையும் செய்து காட்டினார். நெய்வேலிச் சுரங்கத்தில் ஷிப்ட் பார்த்த என் அப்பாவுக்கு அன்றிரவு வீடியோ காலில் அதையே செய்து காட்டினேன். "இங்க வேற மாதிரிடா" என்று அவர் ஒன்று செய்தார். அம்மா போனை வாங்கிக்கொண்டார்.

கடைசி ஸ்டேஷன் ஹாம். அங்கிருந்து பஸ்ஸில் ஊன்ட்ரோப் போனால், தொழிற்சாலைக் கிடங்குகளுக்கு நடுவே 17 மீட்டர் ராஜகோபுரம். இலங்கைத் தமிழர்கள் எழுப்பிய ஸ்ரீ காமாட்சி அம்பாள் ஆலயம், 2002இல் குடமுழுக்கு கண்டது. தேர்த் திருவிழா அன்று பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, நெதர்லாந்து எண் பலகை கொண்ட கார்கள் சாலை ஓரமெல்லாம் நிற்கும். வேட்டி கட்டி, சட்டையைக் கழற்றித் தேர்வடம் பிடிக்கும் பையன்கள் தங்களுக்குள் பேசுவது ஜெர்மனில். அம்மாமார் அதட்டுவது தமிழில். தீர்த்தத்துக்குப் பக்கத்திலேயே சரக்குக் கப்பல் போகும் கால்வாய் இருக்கிறது.

அன்னதான வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அம்மா திரும்பிப் பார்த்து, "தம்பி இந்தியாவோ?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "படிக்க வந்தனீங்களோ? அப்ப வடிவாச் சாப்பிடுங்கோ," என்று சொல்லி, பரிமாறுகிறவரிடம் எனக்காக இன்னொரு கரண்டி சோறும் போட வைத்தார். கத்தரிக்காய்க் குழம்பில் தேங்காய்ப்பால், எங்கள் வீட்டுக் குழம்பைவிடக் காரம் தூக்கல்.

தேர் பெரும்பாலும் மே, ஜூன் வாக்கில் வரும். தேதியை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். காலையிலேயே போய்விடுவது நல்லது. வெளியே கடைகளில் ரோல்ஸ் மதியத்துக்குள் தீர்ந்துவிடும்.