போடப்படாத முதல் வாக்கு

இலங்கையின் சுதந்திர தினமான பெப்ரவரி 4ஆம் தேதியில் யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், தேசியக் கொடி ஏற்றப்படும். அதே நாளில் இந்த நகரின் வேறு இடங்களில் கறுப்புக் கொடிகளும் கட்டப்படும். எனது அப்பப்பா இருந்தவரை, அன்றைய காலையில் பெட்டகத்திலிருந்து பழைய கதர் வேட்டியை எடுத்து உடுத்துக்கொண்டு, முன்விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் அமர்ந்து எங்களுக்கு 1931ஆம் ஆண்டின் கதையைச் சொல்வார். இந்த நாட்டின் விடுதலைக்கு உழைத்தவர்களைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் வருவது அந்தக் கதைதான்.

1924இல் மாணவர் காங்கிரஸாகத் தொடங்கிப் பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் என்று பெயர் பெற்ற அந்த அமைப்பில் இருந்தவர்களில் பெரும்பாலோர் ஆசிரியர்களும் மாணவர்களும். அவர்களுள் முன்னின்றவர் பின்னாளில் கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராக இருந்த ஹண்டி பேரின்பநாயகம். கொழும்பில் பெருந்தலைவர்கள் அரசியல் சீர்திருத்தத்தைப் படிப்படியாகக் கேட்டுக்கொண்டிருந்த நாட்களில், இவர்கள் இலங்கை முழுவதற்கும் பூரண சுயராச்சியம் வேண்டும் என்றார்கள். தமிழ்ப் பிள்ளைகள் சிங்களமும் சிங்களப் பிள்ளைகள் தமிழும் கற்கவேண்டும் என்றார்கள். சாதி பார்த்து மாணவரைத் தரையில் இருத்திய ஊரில், தீண்டாமையை ஒழிக்கவேண்டும் என்று தீர்மானம் எடுத்தார்கள். அந்நியனை எதிர்ப்பதிலும் பார்க்க, சொந்த வீட்டாரையும் அயலாரையும் எதிர்த்து நிற்பதற்குத்தான் அதிகத் துணிவு வேண்டும் என்று அப்பப்பா சொல்வார். 1927 நவம்பரில் இவர்களுடைய அழைப்பில் காந்தியடிகள் கதர் நிதிக்காக யாழ்ப்பாணம் வந்தபோது அப்பப்பாவுக்கு வயது பதினெட்டு. பெட்டகத்தில் இருந்த வேட்டி அந்த ஆண்டில் வாங்கியது.

பிறகு பிரித்தானிய ஆட்சி தந்த டொனமூர் அரசியலமைப்பு வந்தது. இருபத்தொரு வயது நிறைந்த ஆண், பெண் எல்லோருக்கும் வாக்குரிமை தந்த அதே யாப்பு, இறுதி அதிகாரத்தைத் தேசாதிபதியின் கையிலேயே விட்டிருந்தது. சுயராச்சியம் இல்லாத சட்டசபை எங்களுக்கு வேண்டாம் என்று, இந்திய விடுதலை இயக்கத் தலைவி கமலாதேவி சட்டோபாத்யாய தலைமை தாங்கிய 1931ஆம் ஆண்டு மாநாட்டில் வாலிபர் காங்கிரஸ் தேர்தல் பகிஷ்கரிப்பை அறிவித்தது. யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை, காங்கேசன்துறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் ஒருவர்கூட வேட்புமனுக் கொடுக்கவில்லை. பதவியை எட்டிப் பிடிக்கக்கூடிய இடத்தில் இருந்தவர்களும் அதை விட்டு விலகி நின்றார்கள். தெற்கும் தங்களோடு சேரும் என்று அவர்கள் நம்பியிருந்தார்கள்; தெற்கின் தலைவர்களோ தேர்தலில் நின்று சபைக்குப் போய் அமர்ந்தார்கள். 1934இல் இடைத்தேர்தல் நடக்கும்வரை அந்த நான்கு ஆசனங்களும் வெறுமையாகக் கிடந்தன.

அந்தப் பகிஷ்கரிப்புத் தவறு என்று சொல்வோர் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். அவர்களுடைய வாதத்தை நான் எளிதாகத் தள்ளமாட்டேன். மந்திரிகள் தெரிவாகிய முதற் சபையில் குடாநாட்டின் குரல் இல்லாமற் போனது சிறிய இழப்பன்று. முதன்முறையாக வாக்குரிமை பெற்ற ஒடுக்கப்பட்ட சாதியினரும் பெண்களும் அதைப் பயன்படுத்த இன்னும் மூன்று ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. ஆயினும் நாடு முழுவதற்கும் விடுதலை வேண்டும் என்பதற்காகத் தமக்குக் கிடைக்கவிருந்ததை விட்டுக்கொடுத்த அந்த இளைஞர்களை, அந்த நாட்டின் சுதந்திர தினத்தில் யாரும் பெயர் சொல்லி நினைப்பதில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம். மேடைகளில் 1948இல் சுதந்திரத்தைப் பெற்றுக்கொண்ட தலைவர்களின் பெயர்கள் மட்டுமே ஒலிக்கின்றன. கறுப்புக் கொடி கட்டுகிற நாங்களும், எங்கள் காயங்களுக்கு இடையில், இவர்களை மறந்துவிட்டோம். அந்தக் காயங்கள் உண்மையானவை. சுதந்திரம் கிடைத்த அதே ஆண்டிலேயே மலையகத் தமிழர் பெரும்பாலோர் பிரஜாவுரிமையை இழந்தார்கள் என்பதை எந்தக் கொடியேற்றத்தாலும் மறைக்க முடியாது. அதை அறிந்திருந்தும் அப்பப்பா தன் வேட்டியை வீசிவிடவில்லை.

அவர் கதையின் கடைசிப் பகுதி எங்கள் பூட்டியைப் பற்றியது. பூட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறப் பெட்டி வைப்பார்கள் என்றும், விரும்பியவருடைய பெட்டியில் சீட்டைப் போட்டால் போதும் என்றும் யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். தனக்கும் வாக்கு உண்டு என்பதில் அந்த மனுஷிக்குப் பெரிய சந்தோஷம். அப்பப்பாவோ பகிஷ்கரிப்புக்காக வீடு வீடாகப் போய் வந்துகொண்டிருந்தார். ஒருநாள் இரவு சோறு போடும்போது, "எங்கட பெட்டி என்ன நிறம், தம்பி?" என்று பூட்டி கேட்டாவாம். 1934 இடைத்தேர்தலுக்கு முன்பே அவர் காலமாகிவிட்டார். இந்த இடத்துக்கு வந்ததும் அப்பப்பா எழுந்து உள்ளே போய், வேட்டியை மாற்றி, மடித்துப் பெட்டகத்தில் வைத்துவிடுவார்.