மூச்சு எடு, விடு, நிப்பாட்டு

பெப்ரவரி 11, செவ்வாய்

மூன்று வருடமாக நான் விழுங்கிவந்த காஸ்ரிக் குளிசைகளுக்கும் என் வருத்தத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லையாம்.

புறக்கோட்டையில் நான் வேலை செய்யும் துணிக்கடையின் கணக்கறை மூன்றாம் மாடியில். லிஃப்ட் கிடையாது. இரண்டாம் மாடித் திருப்பத்துக்கு வரும்போது யாரோ முழங்கையை நெஞ்சில் ஊன்றுவதுபோல இருக்கும். நின்றால் போய்விடும். இதை ஒரு டொக்டரிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி: நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? இல்லை என்றேன். காஸ்ரிக் என்று எழுதிவிட்டார். நாற்பத்து மூன்று வயதுப் பெண் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனால் அவளுக்குக் காஸ்ரிக்தான் என்று எங்கேயோ எழுதி வைத்திருக்கிறார்கள்போல.

போன வெள்ளிக்கிழமை படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஈ.சி.ஜி. எடுத்த தாதி பேப்பரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு ஒன்றும் சொல்லாமல் சக்கர நாற்காலியைக் கொண்டுவந்தார். மேலே எழும்ப வேண்டிய ரி (T) அலைகள் என் பேப்பரில் கிணற்றுக்குள் விழுந்ததுபோலக் கீழே இறங்கிக் கிடந்தன. மாரடைப்பு என்று நினைத்து வார்டில் போட்டு, மணிக்கட்டு வழியாக அஞ்சியோகிராம் செய்தார்கள். இரத்தக் குழாய்கள் மூன்றும் சுத்தம். எக்கோவில் இருதயத்தின் நுனிப் பக்கம் தெளிவாகத் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறது.

இன்று வீட்டுக்கு விட்டுவிட்டார்கள். அடைப்பு இல்லை என்று இவருக்கு ஒரே சந்தோஷம். எனக்குக் கணக்குச் சரிவராத மாதக் கடைசி மாதிரி இருக்கிறது. வரவு சரி, செலவு சரி, மிச்சம் மட்டும் இடிக்கிறது.

பெப்ரவரி 14, வெள்ளி

அம்மா மூன்று நாளாக என்னோடு சரியாகப் பேசவில்லை. இன்று இரவு இடியப்பம் அவித்துக்கொண்டிருந்தவர் அடுப்பைப் பார்த்தபடியே சொன்னார்:

"அப்பாவுக்கும் இப்பிடித்தான். வேலிக்கரையிலை சைக்கிளைப் பிடிச்சுக்கொண்டு கொஞ்ச நேரம் நிப்பார். கேட்டால் காத்து வாங்கிறன் எண்டுவார்."

அப்பா செத்தது 1993இல், நாற்பத்தொரு வயதில். பொருளாதாரத் தடைக் காலம். யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெய்ப் போத்தல் ஒன்று கிடைத்தால் திருவிழா. எங்கேயோ எண்ணெய் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அம்மா அனுப்பியிருக்கிறார். எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்துப் போனவர் பாதி வழியில் விழுந்தார். எண்ணெய்க் கான் காலியாகவே வீட்டுக்கு வந்தது. எல்லாரும் அட்டாக் என்றார்கள். சுருட்டுத்தான் காரணம் என்று பெரியப்பா தீர்ப்புச் சொன்னார். உடலை வெட்டிப் பார்க்க வீட்டில் யாரும் சம்மதிக்கவில்லை. அப்போது யாருக்கும் அதற்கு மனமும் இல்லை, வசதியும் இல்லை.

அம்மா முப்பத்தொரு வருடமாகச் சுருட்டைத் திட்டுவது எதை மறைக்க என்று எனக்குத் தெரியும். எண்ணெய்க்கு அனுப்பியதை அவர் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. இன்றும் சொல்லவில்லை.

பெப்ரவரி 20, வியாழன்

இருதய நிபுணரைச் சனல் பண்ணி, அதாவது பார்க்க நம்பர் எடுத்து, வைத்திருந்தோம். நம்பர் 27. கூப்பிட இரவு ஒன்பதரை ஆனது. ஆனால் மனிதர் அவசரப்படவில்லை. அப்பாவின் கதையைச் சொன்னதும் பேனையை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். அப்புறம் துண்டுச்சீட்டின் பின்பக்கத்தில் ஒரு மாங்காய் வரைந்தார். அதுதான் என் இருதயமாம்.

"எக்கோ ஒலியை வைத்துப் பார்ப்பது. விலா எலும்பும் நுரையீரலும் குறுக்கே நிற்கும். அதிலும் இந்த நுனி, கருவிக்கு மிகக் கிட்ட இருப்பதாலேயே சரியாகப் பிடிபடாது. எம்.ஆர்.ஐ.க்கு எலும்பு ஒரு தடையில்லை. எந்தக் கோணத்தில் வேண்டுமானாலும் வெட்டிப் பார்க்கலாம்."

இருதயத் தசையே சிலருக்குத் தடித்துப் போகும், பிரஷர் இல்லாவிட்டாலும்கூட. சுமார் ஐந்நூறு பேரில் ஒருவருக்கு இருக்குமாம். பெரும்பாலும் இரண்டு அறைகளுக்கு நடுவே உள்ள சுவர்தான் தடிக்கும். சிலருக்கு நுனி மட்டும் தடிக்கும். இந்த வகையை 1970களில் ஜப்பான் வைத்தியர்கள்தான் முதலில் விவரித்தார்களாம். அதன் அடையாளம், என் பேப்பரில் இருப்பதுபோன்ற ஆழமாகக் கவிழ்ந்த ரி அலை.

"அப்பாவுக்கும் இதுவா?" என்று கேட்டேன்.

"பார்க்காத இருதயத்தைப் பற்றி நான் சொல்ல முடியாது, அம்மா. முதலில் உங்களுடையதைப் பார்ப்போம்."

பெப்ரவரி 27, வியாழன்

எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குத் திகதி கிடைத்துவிட்டது. காசு என் ஒரு மாதச் சம்பளத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஊசி போடுவதற்கு முன் சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று தெரிய வேண்டுமாம். கிரியாட்டினின் பார்த்தார்கள். நல்லது.

பயத்தைக் கலைக்க வாசிக்கப் போய், வாசித்ததில் பயம் கூடியது. ஆனால் ஒன்று மனதில் தங்கிவிட்டது. தசை தடிக்கிற இந்த நோயை 1958இல் தெளிவாக எழுதி வைத்தவர் டொனால்ட் டேர். லண்டனில் பிரேதப் பரிசோதனை செய்தவர். திடீரென்று செத்துப்போன இளவயதுக்காரர்களின் இருதயங்களை வெட்டிப் பார்த்துத்தான் கண்டுபிடித்திருக்கிறார். உயிரோடு இருக்கிற ஒருத்தியின் இருதயத்தை வெட்டாமலே வெட்டிப் பார்க்க 2025இல் எனக்கு நம்பர் கிடைத்திருக்கிறது. அப்பாவுக்கு இரண்டும் வாய்க்கவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

காலை ஏழரைக்கு வரச்சொன்னார்கள். வெள்ளவத்தையிலிருந்து ஓட்டோவில் போனோம். காலி வீதி அந்த நேரத்திலேயே நெரிசல்.

காத்திருக்கும் இடத்தில் பக்கத்துக் கதிரையில் குருநாகல் பக்கத்திலிருந்து வந்த ஒரு உம்மாவும் மகனும். பையனுக்குப் பதினாறு வயது. மெலிந்த முகம், காதில் ஹெட்போன். தலசீமியா. மாதாமாதம் இரத்தம் ஏற்றுகிறார்கள். அந்த இரத்தத்தோடு வருகிற இரும்பு வெளியே போக வழியில்லாமல் ஈரலிலும் இருதயத்திலும் படியுமாம். எவ்வளவு படிந்திருக்கிறது என்று பார்க்க இதே மெஷின், ஊசிகூட வேண்டாம். ரி2 ஸ்டார் என்று ஒரு அளவு எடுக்கிறார்கள். இரும்பு கூடக்கூட எண் குறையும். 20 மில்லிசெக்கனுக்குக் கீழே போனால் இருதயத்தில் இரும்பு இருக்கிறது என்று அர்த்தம், 10க்குக் கீழே போனால் ஆபத்து. பையன் பரீட்சைப் புள்ளி சொல்வதுபோலச் சொன்னான்: "போன தடவ பதினாலு, ஆன்ட்டி. இந்த தடவ இருவது தாண்டணும்."

"குளிசய ஒழுங்கா போட்டா தாண்டும்" என்றார் உம்மா, எனக்குக் கேட்கும்படி. பிறகு என் பக்கம் திரும்பி, "ஓங்களுக்கு என்ன வருத்தம் மகள்?" என்று கேட்டார். தெரியாது, அதைப் பார்க்கத்தான் வந்தேன் என்றேன். "அல்லா லேசாக்கி வைப்பான்" என்றார்.

உள்ளே போகுமுன் நகை எல்லாம் கழற்ற வேண்டும். தாலிக்கொடியைக் கழற்றும்போது கை கொஞ்சம் தயங்கியது. ஸ்கேன் எடுக்கிற தம்பி, தங்கத்தைக் காந்தம் இழுக்காது, அதில் கோர்த்திருக்கிற சேப்டி பின்னைத்தான் இழுக்கும் என்று சிரித்தார். எண்ணிப் பார்த்தேன், நான்கு பின். இவர் கொடியை மடித்துத் தன் சட்டைப் பையில் போட்டு, அதன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒன்றேகால் மணி நேரம் கழித்து வந்து பார்க்கும்போதும் கை அங்கேயேதான் இருந்தது.

அது 1.5 டெஸ்லா மெஷின். பூமியின் காந்தத்தைப்போலக் கிட்டத்தட்ட முப்பதாயிரம் மடங்கு. சத்தத்துக்குக் காதில் பஞ்சும் ஹெட்போனும், நெஞ்சில் ஈ.சி.ஜி. ஒட்டுகள், அதற்கு மேலே பாரமான ஒரு தட்டு, கையில் பயந்தால் அமுக்க ஒரு ரப்பர் குமிழ். இருதயம் ஓயாமல் துடிக்கிற சாமான் என்பதால் ஒவ்வொரு துடிப்பிலும் ஒரே கட்டத்தைப் பிடித்துப் பிடித்துப் படத்தைச் சேர்க்கிறார்கள். அதற்குத்தான் ஈ.சி.ஜி. மூச்சு அசைந்தாலும் படம் கலங்கிவிடும். ஆகவே மூச்சை வெளியே விட்டு அப்படியே பிடிக்க வேண்டும்.

"ஹுஸ்ம கன்ன... பிட்ட கரன்ன... அல்லாகென இன்ன."

எனக்குச் சிங்களம் விளங்கும். ஆனால் குழாய்க்குள் படுத்திருக்கும்போது புத்தி மெதுவாகத்தான் வேலை செய்கிறது. இரண்டு தரம் பிந்திவிட்டேன். தம்பி கண்டுபிடித்துவிட்டார். அதன் பிறகு ஹெட்போனில் தமிழ் வந்தது: "மூச்சு எடு. விடு. நிப்பாட்டு!" யாரோ சொல்லிக்கொடுத்த மூன்று சொற்கள். மரியாதை விகுதி சொல்லிக்கொடுக்க மறந்துவிட்டார்கள். ஐம்பது தரமாவது என்னை 'நிப்பாட்டு' என்று அதட்டியிருப்பார். வாழ்க்கையில் யாரும் எனக்கு இவ்வளவு அக்கறையாக ஒருமையில் பேசியதில்லை.

வெறும் வயிற்றில் மூச்சை விட்டு வைத்திருப்பது லேசில்லை. பன்னிரண்டு, பதின்மூன்று என்று எண்ணுவேன். பதினைந்தாவதில் கண்ணுக்குள் புள்ளி பறக்கும். மெஷின் ஒரு சமயம் தறி மாதிரித் தட்டும், ஒரு சமயம் வீதி உடைக்கிற மெஷின் மாதிரி அலறும்.

நடுவில் கையில் கடோலினியம் ஏற்றினார்கள். முழங்கைவரை ஐஸ் தண்ணீர் ஓடியது. பிறகு பத்து நிமிடம் போல காத்திருப்பு. இந்த மருந்து நல்ல தசையிலிருந்து சீக்கிரம் வடிந்துவிடுமாம். தழும்பு இருக்கிற இடத்தில் மட்டும் தங்கும். நல்ல தசை கறுப்பாகத் தெரிகிற நேரம் பார்த்துப் படம் எடுத்தால் தழும்பு வெள்ளையாக மின்னும். அந்தப் பத்து நிமிடமும் மெஷின் அமைதியாக இருந்தது. ஏதோ ஒரு பம்ப் மட்டும் கிச்சுக் கிச்சு என்று குருவிபோலக் கத்தியது. நான் அப்பாவின் சைக்கிளை நினைத்துக்கொண்டு கிடந்தேன். ரலி. பச்சை.

மார்ச் 5, புதன்

ரிப்போர்ட் வர ஒரு கிழமை ஆகுமாம். கடைக்குப் போனேன். படி ஏறவில்லை. கீழே சேலைக் கட்டுகளுக்கு நடுவே முதலாளி எனக்கு ஒரு மேசை போட்டுத் தந்திருக்கிறார்.

மார்ச் 12, புதன்

நுனிச் சுவர் 17 மில்லிமீற்றர். 15ஐத் தொட்டாலே பெரியவர்களில் தடிப்பு என்று கணக்கு. கணக்கு இப்போது சரிவந்துவிட்டது.

டொக்டர் கணினியில் ஓடவிட்டுக் காட்டினார். என் இருதயம் சாம்பல் நிறத்தில் சுருங்கிச் சுருங்கி விரிந்தது. ஒவ்வொரு தரம் சுருங்கும்போதும் நுனிப் பக்கத்து இடைவெளி அடியோடு மூடிப்போகிறது. விரியும்போது இடது அறை மேலே அகன்று கீழே கூராக ஒடுங்குகிறது. "சீட்டில் ஸ்பேட் ஆஸ் பார்த்திருப்பீர்களே, அதைக் கவிழ்த்துப் பிடித்ததுபோல. புத்தகத்திலும் அப்படித்தான் சொல்வார்கள்" என்றார்.

அடுத்தது தழும்புப் படம். கறுப்புத் தசைக்கு நடுவே, நுனியில், சுண்ணாம்பு தொட்டு வைத்ததுபோல ஒரு சின்ன வெள்ளை. மாரடைப்பின் தழும்பு என்றால் அது சுவரின் உட்பக்கத்தில் தொடங்கும், அடைத்த குழாய் இரத்தம் கொடுக்கிற பகுதிக்குள் நிற்குமாம். மயோகார்டைட்டிஸ் என்கிற தசை அழற்சி பெரும்பாலும் வெளிப்பக்கத்தைப் பிடிக்கும். என்னுடையது தடித்த தசைக்கு நடுவில் கிடக்கிறது. தழும்பு எங்கே, என்ன வடிவம் என்பதை வைத்தே ஆளைப் பிடிக்கிறார்கள். கைநாட்டுப் பார்ப்பதுபோல.

தழும்பு கூடக் கூடத்தான் இருதயம் தாளம் தப்பும் பயம் கூடும். இடது அறைத் தசையில் 15 வீதத்துக்கு மேல் என்றால் யோசிப்பார்களாம். என்னுடையது அதற்குக் கிட்டவும் இல்லை. தாளத்தைத் திருத்துகிற மெஷின் நெஞ்சுக்குள் வைக்கத் தேவையில்லை. பீற்றா புளொக்கர் குளிசை, 24 மணி நேரம் துடிப்பைப் பதிகிற ஹோல்டர் ஒன்று, வருடாவருடம் பார்ப்பது.

எழும்பப் போனபோது, "பிள்ளைகள்?" என்று கேட்டார். ஒரு மகள், பதினாலு வயது. பாடசாலை வலைப்பந்து அணியில் கோல் சூட்டர். இது பல குடும்பங்களில் பரம்பரையாக வருமாம். அந்த மரபணு எனக்கு இருந்தால் அவளுக்கு வருவதற்குப் பாதிக்குப் பாதி.

இதுவரை எனக்கு வராத நடுக்கம் அப்போதுதான் வந்தது.

மார்ச் 13, வியாழன்

அண்ணாவுக்கு லண்டனுக்கு எடுத்தேன். கூடப் பிறந்தவர்களும் பார்க்க வேண்டும் என்றேன். "எனக்கு ஒண்டுமில்லை, நான் ஜிம்முக்குப் போறன்" என்றார். போனை அண்ணியிடம் கொடுக்கச் சொன்னேன். அண்ணி ஐந்து நிமிடத்தில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

மார்ச் 22, சனி

மகளுக்கு ஈ.சி.ஜி.யும் எக்கோவும். இரண்டும் நல்லது. பிள்ளை எக்கோ அறையிலிருந்து வந்து முதலில் கேட்டது, திங்கட்கிழமை பிரக்டிஸுக்குப் போகலாமா என்று. போகலாம் என்றார் டொக்டர். ஆனால் இந்த நோய் வளருகிற வயதில் மெல்லத் தலைகாட்டக்கூடியது. வருடத்துக்கு ஒருதரமாவது, அதிகம் போனால் இரண்டு வருடத்துக்கு ஒருதரம், திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். இன்றைக்கு இல்லை என்பது இன்றைக்கு மட்டும்தான்.

இரவு அம்மா என் போனைக் கேட்டார். டொக்டரின் கணினியில் நான் பிடித்த படம் அதில் இருந்தது. கண்ணாடியைப் போட்டு, இரண்டு விரலால் பெரிதாக்கி, கனநேரம் பார்த்தார்.

"இஸ்கோப்பன்தான்" என்றார். ஸ்பேடுக்கு எங்கள் ஊர்ப் பெயர்.

பிறகு கேட்டார்: "அப்ப, எண்ணெய்க்கு அனுப்பினதாலை இல்லையோ?"

முப்பத்தொரு வருடத்தில் முதல் தரம். இல்லை அம்மா என்று சொல்ல வாய் வந்தது. அப்பாவை யாரும் ஸ்கேன் எடுக்கவில்லை. எதிர்க்காற்றில் அவ்வளவு தூரம் மிதித்ததும் சேர்ந்திருக்கலாம். தெரியாது என்றேன். சுருட்டாக இருந்திருக்க வேண்டியதில்லை என்று மட்டும் சொன்னேன்.

அம்மா படத்தை இன்னும் பெரிதாக்கினார். "உன்ர அப்பா சீட்டிலை 304 விளையாடேக்கை இஸ்கோப்பன் ஆஸ் வந்தால் முகத்திலை தெரிஞ்சிடும். பக்கத்து வீட்டு ஐயா அதைப் பாத்தே வெட்டிப்போடுவார்." போனைத் திருப்பித் தந்தார். "அந்த விளையாட்டிலை ஆஸுக்குப் பதினொண்டுதான். ஜாக்குக்குத்தான் முப்பது. அதுகூட அந்த மனுசனுக்கு ஞாபகம் நிக்காது."