டிஎச்சிபி ரிலே: ஒரு வரி கமாண்ட், ஒரு ராத்திரி

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங், ஆபீஸ் எல்லாமே பல வருஷமாக ஒரே நெட்வொர்க்கில் ஓடிக்கொண்டிருந்தன. 192.168.1.0, நெட்வொர்க்கின் அளவைச் சொல்லும் மாஸ்க் 24, ஆக மொத்தம் 254 முகவரிகள். இருபது கம்ப்யூட்டர் இருந்த காலத்தில் அது தாராளம். அப்புறம் கேமராக்கள் வந்தன, பார்கோடு ஸ்கேனர்கள் வந்தன, வைஃபை பாஸ்வேர்டும் எப்படியோ கசிந்து ஃப்ளோரில் இருக்கிற போன்கள் பூராவும் உள்ளே வந்துவிட்டன. ஷிஃப்ட் மாறும் நேரத்தில் பேக்கிங் சூப்பர்வைசர் வந்து நிற்பார். "லேபிள் அடிக்கிற கம்ப்யூட்டர் கனெக்ட் ஆகலீங்க தம்பி, லோடு ஏத்தோணும்." போய்ப் பார்த்தால் 169.254 என்று தொடங்கும் முகவரி இருக்கும். கேட்டும் யாரும் தராததால் விண்டோஸ் தனக்குத்தானே வைத்துக்கொண்ட முகவரி அது.

சரி, விலான்களாக, அதாவது ஒரே வயரிங்கில் ஓடும் தனித்தனி நெட்வொர்க்குகளாக, பிரித்துவிடலாம் என்று முடிவெடுத்தேன். ஆபீஸும் சர்வர்களும் பழைய முகவரியோடு விலான் 10. பேக்கிங்குக்கு விலான் 20, 10.10.20.0. போன்களுக்கு விலான் 40, 10.10.40.0, மாஸ்க் 23, அதாவது 510 முகவரிகள். நடுவில் ரூட்டிங் செய்ய, அதாவது ஒரு விலானிலிருந்து இன்னொன்றுக்குப் பாக்கெட்டைக் கடத்த, கேட்டலிஸ்ட் 3750 என்ற பழைய சிஸ்கோ சுவிட்ச். சாதனங்களுக்குத் தானாக முகவரி வழங்க, அதாவது டிஎச்சிபி சர்வராக, 192.168.1.10-இல் ஒரே ஒரு லினக்ஸ் பெட்டி.

இங்கேதான் ரிலே தேவைப்படுகிறது. முகவரி இல்லாத சாதனம் முதலில் அனுப்பும் டிஸ்கவர், அதாவது முகவரி கேட்கும் பாக்கெட், ஒரு புரோட்காஸ்ட். தெருவில் நின்று கூவுவது மாதிரி, அடுத்த தெருவுக்குக் கேட்காது. ஒவ்வொரு விலானும் ஒரு தெரு. ரிலே அந்தக் கூவலைக் கேட்டு, பாக்கெட்டுக்குள் ஜிஐஅடர் என்ற இடத்தில் அந்தத் தெருவின் கேட்வே (வெளியே போகும் வாசல்) முகவரியை எழுதி, சர்வருக்கு நேராக, அது கேட்டுக்கொண்டிருக்கும் போர்ட்டான யுடிபி 67-க்கு அனுப்புகிறது. எந்தத் தெருவிலிருந்து வந்தது, எந்தப் பூலிலிருந்து (முகவரித் தொகுப்பு) எடுத்துத் தர வேண்டும் என்று சர்வர் தெரிந்துகொள்வது அந்த முகவரியை வைத்துத்தான். ஆஃபரை, அதாவது முகவரியோடு வரும் பதிலை, அனுப்புவதும் அதே முகவரிக்குத்தான். இந்தக் கடைசி வாக்கியத்தை நான் எத்தனையோ முறை படித்திருக்கிறேன். அன்று ராத்திரி மட்டும் ஞாபகம் வரவில்லை.

ஞாயிறு இரவு எட்டு மணிக்கு ஆரம்பித்தேன். முதல் அரை மணி நேரத்திலேயே ஒரு அபத்தம். பல விலான்களை ஒரே கேபிளில் கடத்தும் டிரங்க் போர்ட்டில் புது விலானைச் சேர்க்கும்போது "சுவிட்ச்போர்ட் டிரங்க் அலவ்டு விலான் 40" என்று அடித்துவிட்டேன். நடுவில் "ஆட்" என்ற சொல் விட்டுப்போனது. அந்தச் சொல் இல்லாவிட்டால் இருந்த பட்டியல் அழிந்து 40 மட்டுமே மிஞ்சும். அந்த டிரங்க் வழியாகத்தான் நானே உள்ளே இருந்தேன், ஸ்கிரீன் அப்படியே உறைந்தது. கன்சோல் கேபிளைத் தூக்கிக்கொண்டு இரண்டாம் மாடிக்குப் போய்ச் சரிசெய்தேன். தூரத்திலிருந்து கை வைக்கும் முன் "ரீலோட் இன் 10" போட்டுவிடுங்கள். மாட்டிக்கொண்டாலும் பத்து நிமிஷத்தில் சுவிட்ச் தானாக பழைய கான்ஃபிகுக்குத் திரும்பிவிடும், சேவ் செய்யாமல் இருந்தால்.

அடுத்து, அந்த சுவிட்சில் "ஐபி ரூட்டிங்" ஆனில் இல்லை. அதை ஆன் செய்ததும் ஏற்கெனவே இருந்த "ஐபி டிஃபால்ட்-கேட்வே" செல்லாமல் போனது. டிஃபால்ட் ரூட்டை, அதாவது வேறு வழி தெரியாத பாக்கெட்டுகள் போகும் வழியை, தனியாக எழுத வேண்டியிருந்தது. பிறகு "இன்டர்ஃபேஸ் விலான் 40"-க்குள் போய், சுவிட்சை ரிலேயாக்கும் அந்த ஒரு வரி: "ஐபி ஹெல்ப்பர்-அட்ரஸ் 192.168.1.10". முகவரி கேட்கும் சாதனங்கள் இருக்கும் விலானில்தான் இதைப் போட வேண்டும். சர்வர் இருக்கும் விலானில் போட்டுவிட்டுத் தவிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். விலான் 20-க்கும் அதே வரி. வேலை முடிந்தது என்று டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்து போனை வைஃபையில் போட்டால் "ஐபி முகவரி பெறுகிறது" என்று சுற்றிக்கொண்டே இருந்தது.

சர்வர் லாகைத் திறந்தேன். டிஸ்கவர் வந்திருக்கிறது, 10.10.40.1 வழியாக. ஆஃபரும் போயிருக்கிறது. மறுபடி டிஸ்கவர், மறுபடி ஆஃபர். ஆஃபரை ஏற்றுச் சாதனம் அனுப்ப வேண்டிய ரிக்வெஸ்ட் ஒன்றுகூட இல்லை. ரிலே வேலை செய்கிறது, பூலும் சரி, சர்வர் பதிலும் சொல்கிறது. ஆனால் போனுக்குப் பதில் வந்து சேரவில்லை. சுவிட்சிலிருந்து சர்வருக்குப் பிங் அடித்தேன், ஐந்துக்கு ஐந்து பதில். அப்படியானால் ரூட் பிரச்சினை இல்லை என்று முடிவு கட்டிவிட்டேன். அந்த முடிவுக்கு நான் கொடுத்த விலை மூன்று மணி நேரம். வைஃபை கன்ட்ரோலரைச் சந்தேகப்பட்டேன், ஆக்சஸ் பாயிண்டை ரீசெட் செய்தேன், சுவிட்சின் ஐஓஎஸ் சாஃப்ட்வேர் வெர்ஷனில் பக் இருக்குமோ என்று தேடினேன்.

பன்னிரண்டரை மணிக்கு, முன்பு என்னோடு வேலை பார்த்த சீனியருக்குக் கூச்சத்தோடு போன் போட்டேன். முழுசாகக் கேட்கக்கூட இல்லை.

"சோர்ஸ் போட்டுப் பிங் பண்ணியா?"

"இல்லைங்கண்ணா."

"பண்ணிட்டுக் கூப்பிடு." வைத்துவிட்டார்.

"பிங் 192.168.1.10 சோர்ஸ் விலான் 40". ஐந்தும் புள்ளி, அதாவது ஒன்றுக்கும் பதில் இல்லை. சும்மா பிங் அடித்தபோது சுவிட்ச் தன் 192.168.1.1 முகவரியிலிருந்து பேசியது. சர்வருக்கு அது ஒரே தெரு, பதில் வந்துவிட்டது. 10.10.40.1 எங்கே இருக்கிறது என்று சர்வருக்குத் தெரியாது. அந்தப் பெட்டி ஒரு காலத்தில் பிராக்ஸியாகவும் இருந்ததால் இரண்டாவது நெட்வொர்க் கார்டு பிராட்பேண்ட் மோடத்தில் சொருகியிருந்தது, டிஃபால்ட் ரூட்டும் அந்தப் பக்கம்தான். போகிற வருகிற பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப்பை அந்தக் கார்டில் ஓட விட்டேன். நான் தேடிய ஆஃபர்கள் ஒன்றன்பின் ஒன்றாக மோடம் பக்கம் போய்க்கொண்டிருந்தன. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "ஐபி ரூட் ஆட் 10.10.0.0/16 வயா 192.168.1.1" என்று அடித்து என்டர் தட்டினேன். நாற்காலியில் சாய்வதற்குள் போனுக்கு முகவரி வந்துவிட்டது.

ஆபீஸ் பக்கக் கார்டிலும் டிசிபிடம்ப் திறந்தபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. பேக்கிங் விலானில் இருக்கும் விண்டோஸ் கம்ப்யூட்டர்களின் 137-ஆம் போர்ட் நெட்பயாஸ் (விண்டோஸ் பெயர் தேடும் முறை) கூச்சலும் சர்வருக்கு வந்துகொண்டிருந்தது. ஹெல்ப்பர்-அட்ரஸ் டிஎச்சிபியை மட்டும் கடத்துவதில்லை, டிஎஃப்டிபி, டிஎன்எஸ், நெட்பயாஸ் என்று வேறு சில யுடிபி போர்ட்களையும் சேர்த்தே கடத்தும். "நோ ஐபி ஃபார்வர்டு-புரோட்டோகால் யுடிபி" போட்டு 137, 138 இரண்டையும் நிறுத்தினேன்.

மறுநாள் போன் விலானிலிருந்து ஆபீஸ் பக்கம் யாரும் எட்டிப் பார்க்காதபடி ஒரு ஏசிஎல், அதாவது அனுமதி-தடைப் பட்டியல், எழுதினேன். சாதனத்தின் போர்ட் 68-இலிருந்து 67-க்குப் போகும் புரோட்காஸ்ட்டை அனுமதித்தேன், 192.168.1.0-வுக்குப் போகும் மற்ற எல்லாவற்றையும் தடுத்தேன். புதுப் போன்களுக்கு முகவரி தடையில்லாமல் கிடைத்தது. ஆனால் லாகில் ஒரு விசித்திரம். லீஸ், அதாவது ஒரு முகவரி செல்லும் காலம், 8 மணி நேரம். பாதி நேரம், அதாவது 4 மணி நேரம் ஆனதும் சாதனம் லீஸைப் புதுப்பிக்கக் கேட்க வேண்டும். போன் விலானிலிருந்து புதுப்பிப்பு ஒன்றுகூட அந்த நேரத்தில் வரவில்லை, எல்லாம் 7 மணி நேரம் கழிந்துதான் வந்தன. காரணம், பாதியில் கேட்கும்போது சாதனம் ரிலேயைத் தேடுவதில்லை. தன் சொந்த முகவரியிலிருந்து நேராக சர்வரிடமே கேட்கும். அதை என் ஏசிஎல் தின்றுகொண்டிருந்தது. எட்டில் ஏழு பங்கு நேரம் கழிந்ததும் மறுபடி புரோட்காஸ்ட்டில் கூவும்போது ரிலே தூக்கிக் கொடுத்துக் காப்பாற்றியிருக்கிறது. யாரும் புகார் சொல்லவில்லை, சொல்லியிருக்கவும் மாட்டார்கள். 192.168.1.10-இன் யுடிபி 67-க்கு மட்டும் ஒரு அனுமதி வரி சேர்த்தேன்.

வியாழக்கிழமை மதியம் கரண்ட் போனது. யுபிஎஸ் பேட்டரியும் பழசு, ஜெனரேட்டர் ஓடத் தொடங்குவதற்குள் சர்வர் அணைந்து மறுபடி எழுந்தது. பத்து நிமிஷத்தில் சூப்பர்வைசர் வாசலில் நின்றார். இந்தத் தடவை லாகைத் திறக்காமலேயே புரிந்துவிட்டது. அன்று ராத்திரி கையால் அடித்த ரூட்டை எந்தக் கோப்பிலும் நான் எழுதி வைக்கவில்லை. ரீபூட் ஆனாலும் நிலைக்கும்படி அதை நெட்பிளான் கோப்பில் எழுதிச் சேர்த்துவிட்டு, அவர் கண் முன்னாலேயே சர்வரை இன்னொரு தடவை ரீபூட் செய்து காட்டினேன். "எதுக்குங்க தம்பி மறுபடியும் அணைக்கறீங்க?" என்று பதறினார். எழுந்து வந்ததும் லேபிள் பிரிண்டர் ஓடத் தொடங்கியது, அவரும் லோடு ஏற்றப் போய்விட்டார்.